சேவலின் தலையில் வைத்த குங்குமம்

எங்கள் வீட்டில் அப்பா கோழி வெட்டுகிறவர். அம்மா கோழி வளர்க்கிறவள். இரண்டு வேலையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒன்றையொன்று தொட்டதில்லை.

அப்பாவுக்குச் சாலை என்கிற மார்க்கெட்டில் ஒரு இறைச்சிக் கடையில் வேலை. இடது கையால் சிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலால் தலையைப் பின்னால் மடக்கி, ஒரே இழுப்பு. பிறகு நீல டிரம்முக்குள் போட்டுவிடுவார். உள்ளே கோழி அடித்துக்கொள்ளும்போது டிரம்மும் சேர்ந்து சிமென்டுத் தரையில் குதிக்கும். வாங்க வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டிரம் அடங்கினால் அடுத்தது. வேலை முடிந்து கரமனையில் உள்ள வீட்டுக்கு வந்து, புறவாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். அந்த நேரத்தில் அம்மாவின் கோழிகள் மதிலோரம் ஒதுங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாத ஏதோ ஒன்று அவற்றுக்குத் தெரிந்தது போல. அப்பாவும் அவற்றைத் திரும்பிப் பார்க்க மாட்டார். "கடையில பாக்கது போதும்" என்பார்.

சில வருடங்களுக்கு முன்னால், விடியற்காலையில் கடைக்குப் போன அப்பாவைத் தண்ணீர் லாரி ஒன்று சைக்கிளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நாங்கள் இருந்தது மலையாள ஊர் என்பதால் அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைப் பின்னால் கடைப் பலகைகளையும் பொட்டலம் மடித்து வந்த பேப்பர்களையும் பார்த்து நானாகப் பழகினேன். அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளமும் இங்கிலீஷுமாகச் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்கிற வேலை எனக்கு வந்தது. நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும். மற்றதை நாளைக்குத்தான் சொல்ல முடியும். விரலைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக்குன்னா?"

"நாளைக்கு வரைக்கும் இருந்தா, ம்மா."

அவள் மாடிப்படி ஜன்னலுக்குப் போய்த் தெற்கே பார்த்து நின்றாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, கடைக்காரனிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினாள். "என் கையால வளத்த கறுப்புச் சேவல் ஒண்ணு தாறேன். ஒரு தூவல் வேற நெறம் இருக்காது. ஒரு நெகம் கொறையாது. நீ அவரைத் தா."

அப்பா வந்தார். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. மூச்சில் ஒரு சீழ்க்கை. சிறகைப் பிடிக்க முடியாததால் முழங்காலுக்கு அடியில் கோழியை அமுக்கி வெட்டப் பழகிக்கொண்டார்.

சேவல்தான் வரவில்லை. முதலாவதாக வளர்த்த கறுப்பனைக் கீரி கொண்டுபோனது. தலை மட்டும் வாழை மூட்டில் கிடந்தது. இரண்டாவதுக்கு அம்மை போட்டு முகம் வீங்கி, கண் மூடி, தண்ணீர்ச் சட்டிக்குள் தலை கவிழ்ந்து செத்தது. மாடன் பீடத்தில் சித்திரைக்குச் சித்திரை நடக்கும் கொடைத் திருவிழா இரண்டும் வெறுங்கையாகப் போயின. கடையிலிருந்து ஒன்று கொண்டுவருகிறேன் என்றார் அப்பா. "கறுப்பு மை அடிச்சுத் தாறேன், ஒன் மாடனுக்கு ராத்திரியில வெளங்கவா போவுது." அம்மா சிரிக்கவில்லை. அந்த வருடம் அப்பா கடையில் கத்தியோடு மயங்கி விழுந்தார். டாக்டர் சர்க்கரை என்றார். அம்மா அதை நம்பவில்லை. "குடுத்தவன் திருப்பிக் கேக்கான்" என்றாள். அன்று முதல் கோழிக்கறி வாயில் வைப்பதை விட்டாள். தினமும் காலையில் அப்பாவின் சைக்கிள் முக்குத் திரும்புகிற வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

மூன்றாவது தடவை நான் இறங்கினேன். அம்மாவின் ஐந்து கோழிகளுக்கும் வயதாகிவிட்டது. எதுவும் அடைக்கு உட்காரவில்லை. வித்துராவில் ஒருவர் அசல் கறுப்பு நாட்டுக்கோழி வளர்க்கிறார் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். லீவு போட்டுப் போய், பொரித்து ஒரு நாளான குஞ்சுகள் ஒன்பதை அட்டைப்பெட்டியில் வாங்கினேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து ஓட்டை வழியாக ஊதிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மச்சி நெடுமங்காடு வரை, "மோனே, ஒண்ணு தொறந்து காணிச்சே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் படித்த மேசைக்கு அடியில் தவிட்டைப் பரப்பி, பல்பு ஒன்றைத் தாழ்வாகக் கட்டித் தொங்கவிட்டேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"பல்பு கொக்கரிக்குமாலே?"

"சூடு போதும்ப்பா. தாய்க்கோழிக்கு உள்ள சூடு."

"தாய்க்கோழி ரெண்டு கொத்தும் குடுக்கும். அதையும் பல்பு படிச்சிருக்கா?"

அந்தக் கேலியின் அர்த்தம் எனக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. வெயில் காய்ந்த ஒரு மத்தியானம் பல்பை அணைக்க மறந்துவிட்டேன். சூடும் நெருக்கடியும் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியிருக்கின்றன. நான் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கும்போது சிறியது ஒன்று மூலையில் குப்புறக் கிடந்தது. இன்னொன்று அதன் பின்புறத்திலிருந்து எதையோ மண்புழுவை இழுப்பதைப் போல இழுத்துக்கொண்டிருந்தது. குடல். கிடந்த குஞ்சுக்கு உயிர் இருந்தது. இழுக்கும்போதெல்லாம் அதன் கால் நடுங்கியது. மற்றவை மிச்சத்துக்காகச் சண்டை போட்டன. அவ்வளவு மென்மையான கத்தலோடு அதைச் செய்தன. பசிக்கும்போது கத்துகிற அதே கத்தல்.

அப்பா அதை எடுத்து இரண்டு விரலால் கழுத்தைத் திருகி வேதனையை முடித்தார். "ரத்தம் கண்டா கோழிக்குச் சொந்தம் பந்தம் கெடையாது. கூட்டுக்குள்ள ஒண்ணுக்கு முறிஞ்சு ரத்தம் வந்தா நான் ஒடனே அதைத்தான் மொதல்ல வெட்டுவேன். இல்லேன்னா மத்ததும் போவும்."

போனில் தேடினால் அதையேதான் எழுதியிருந்தார்கள். சிவப்பு எதுவும் கண்ணில் படக் கூடாது. காயத்தின் மேல் நீல மருந்து போட்டு மறைக்க வேண்டும். நான் இடத்தைப் பெரிதாக்கினேன், பல்பை உயர்த்தினேன். எட்டும் வளர்ந்தன. அதில் கொண்டை தடித்து வந்த சேவல்கள் மூன்று. இரண்டுக்குச் சிறகு மடிப்பில் வெள்ளை இருந்தது. மூன்றாவது முழுக் கறுப்பு, அலகும் நகமும்கூட. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தூவலாகப் புரட்டிப் பார்த்து இறக்கிவிட்டாள். அன்று இரவு அப்பாவுக்கு அவள் பரிமாறிய விதத்திலேயே ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தக் குஞ்சு என் கைவிரலைக் கண்டால் ஓடிவந்து நகத்தைக் கொத்தும். எதற்காக வளர்க்கிறோம் என்று தெரிந்தும் நான் விரலை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இனி புறவாசலில் சேர்க்க வேண்டும். மீன்வலை போல நைலான் வலையை வாழைக்கும் மதிலுக்கும் நடுவே கட்டி, குஞ்சுகளை அந்தப் பக்கம் விட்டேன். பழைய கோழிகள் பார்க்கலாம், தொட முடியாது. ஐந்தில் மூத்தது கழுத்தில் தூவல் இல்லாத ஒரு செங்கோழி. அது தின்று விலகிய பிறகுதான் மற்றவை சட்டியில் தலை வைக்கும். முதல் நாள் அது வலையில் வந்து மோதி, அலகு மாட்டிக்கொண்டு தொங்கியது. இரண்டு மூன்று வாரத்தில் மோதல் நின்றது. வலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கிளறிக்கொண்டு நின்றன. சரி, நேரம் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹர்த்தால் வந்தது. கடையும் இல்லை, ஆபீஸும் இல்லை; மூன்று பேரும் வீட்டில். செவ்வாய் மாடனுக்கு உள்ள நாள் என்பதால் அம்மாவுக்கும் சம்மதம். நான் நான்கு இடத்தில் தீனி வைத்தேன். சின்னவை ஓடி ஒளிய ஒரு உடைந்த பெஞ்சைச் சாய்த்து வைத்தேன். வலையை அவிழ்க்கப் போகும்போது அம்மா தலைகுளித்த ஈரத்தோடு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டில் எண்ணெயில் குழைத்த குங்குமமும் சிவப்புக் கயிறும்.

"இது எதுக்கும்மா?"

"சாமிக்கு நேந்து விடுகோம்லா. கூட்டத்துல சேருக அன்னைக்கே அடையாளம் போட்டுறணும். எங்க அம்மயும் அப்பிடித்தான்."

"செவப்பு வேண்டாம்மா. கொத்தும்."

"ரத்தம் கண்டாத்தான் கொத்தும். ஒங்க அப்பாதானே சொன்னாரு. குங்குமமும் ரத்தமும் ஒண்ணாலே?"

"கோழிக்கு ஒண்ணுதான்."

"கோழிக்கு நீ வக்கீலு. தள்ளு."

புறவாசல் படியில் சாயா குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சாமி விஷயத்தில் அம்மாவோடு தர்க்கம் செய்வதில்லை, கேலி மட்டும்தான். அவர் டம்ளருக்குள் பார்த்தார். ஒரு காரியம் எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. குங்குமம் அம்மாவுக்கு நிறம் இல்லை. கறுப்பன் தலையில் அவள் அழுத்தி வைத்தபோது அதன் கொண்டைக்குப் பின்னால் வழிந்த எண்ணெயை நான் பார்த்தேன். அவள் பார்த்தது அப்பாவின் உயிரை.

வலையை அவிழ்த்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டைக் குஞ்சுகள் தீனிக்கு ஓடின, இரண்டு கொத்து வாங்கி விலகின, அவ்வளவுதான். கறுப்பன் காலில் கட்டிய கயிற்றை உதறிக்கொண்டு மெதுவாக வந்தது. செங்கோழி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்து, ஏதோ பொறுக்குவதைப் போல, தலையில் ஒரே ஒரு கொத்து. குங்குமம் அலகில் ஒட்டியது. இன்னொரு கொத்து. மூன்றாவதில் தோல் கிழிந்து நிஜ ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில். ஐந்து கோழிகளும் அதன் மேல் ஏறின. மேலே ஏறிய ஒன்றை நான் பிடுங்கி எறிந்தேன், அடுத்தது ஏறியது. பெஞ்சுக்கு அடியில் கறுப்பன் தலையை நுழைத்தது, உடம்பு வெளியே. காலில் கட்டிய கயிறு பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டதால் மேற்கொண்டு உள்ளே போக முடியவில்லை. செங்கோழி முதுகில் நின்று பின்தலையை உரித்தது. உரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். தோல் ஒரு துண்டாக வந்தது. அப்போது எங்கிருந்தோ சின்னவையும் வந்தன. என் மேசைக்கு அடியில் ஒரே பல்பில் குளிர்காய்ந்த கறுப்புக் குஞ்சுகள். அவையும் கால்களுக்கு நடுவில் புகுந்து எட்டிய இடத்தில் கொத்தின. சத்தமே போடாமல் கொத்தின. கத்தியதெல்லாம் கறுப்பன் ஒன்றுதான்.

அம்மா தென்னை மட்டையை எடுத்தாள். என் நினைவில் அவள் கோழியை அடித்ததே கிடையாது. கை தட்டி விரட்டுவதோடு சரி. இப்போது இரண்டு கையாலும் மட்டையை ஓங்கி இறக்கினாள். "சவத்து மூதி, சவத்து மூதி" என்ற ஒரே வார்த்தை. முதல் அடி பெஞ்சில். இரண்டாவது செங்கோழியின் முதுகில். அடி நின்ற பிறகும் முறிந்த சத்தம் கேட்டது. செங்கோழி சரிந்தது. கால் இரண்டும் அசையவில்லை. சிறகு மட்டும் அடித்து அடித்து ஒரே இடத்தில் வட்டம் சுற்றியது. அம்மா மறுபடியும் ஓங்கினாள். அப்பா வந்து மட்டையைப் பிடித்தார்.

"போதும். அது முடிஞ்சாச்சு."

பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி, திருடன் ஏறிவிட்டானோ என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "எந்தாணு பஹளம்? கள்ளன் கேறியோ?"

"ஒண்ணுமில்ல சேச்சி, கோழி" என்றேன். என் கையெல்லாம் ரத்தம்.

அப்பா கயிற்றை அறுத்துக் கறுப்பனை எடுத்தார். மூன்று விரல் கையில் அதை மல்லாத்தி, சட்டையால் முகத்தைத் துடைத்தார். வலது கண் இருந்த இடத்தில் ஒரு குழி. பின்தலை வெளுத்து எலும்பு தெரிந்தது. நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டு, "கத்தியை எடுத்துட்டு வா" என்றார்.

வீட்டுக் கத்தி மீன் நறுக்குகிறது. அப்பா செங்கோழியை முழங்காலுக்கு அடியில் வைத்து ஒரே இழுப்பில் முடித்துக் கீழே விட்டார். அம்மாவின் கோழி ஒன்றை அவர் வெட்டியது அதுவே முதல் தடவை. டிரம் இல்லாமல் ஒரு கோழி சாவதை நானும் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். தலை தொங்க அது வாழை மூடு வரை போனது. திரும்பி அம்மாவின் கால் பக்கம் வந்தது. சேலைக் கரையில் தெறித்தது. துவைக்கிற கல்லில் முட்டி விழுந்தது. மற்ற நான்கும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தன. பிறகு சிந்தியதைக் கொத்த வந்தன.

"அதைக் களையண்டா, எனிக்குத் தரு" என்று, எறியப் போகிறோம் என நினைத்துச் செங்கோழியைத் தனக்குக் கேட்டார் சேச்சி மதிலுக்கு மேலிருந்து. அப்பா காலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். விரல் நுனியில் குங்குமம் அப்படியே இருந்தது.

"முழுசாத் தாறேன்னு சொன்னேன்" என்றாள். "இது ஊனமாப் போச்சே. இனி அவன் யாரைக் கேப்பான்? இவரைத்தானே கேப்பான்."

அப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஏட்டி, அவன் ஒனக்கு என்னை முழுசாவா தந்தான்?" ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு வெரலை எடுத்து வச்சுக்கிட்டுல்லா மிச்சத்தைத் தந்தான். இப்பம் ஒரு கண்ணு கொறைஞ்சா வாங்க மாட்டானாக்கும்."

"வாயக் கழுவுங்க மொதல்ல."

"அதுவும் கழுவுகேன்."

அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. கறுப்பனையும் பார்க்கவில்லை. நான் அதை மறுபடியும் மேசைக்கு அடியில் வைத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டது அப்பாதான். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, கண் இருக்கிற இடது பக்கமாகக் கையை நீட்டித் தவிட்டு உருண்டையைக் கொடுப்பார். வலது பக்கம் கை வந்தால் அது பயந்து பல்பில் போய் முட்டும். காலையில் அத்தனை கழுத்தை அறுத்த கை அது.

தோல் கறுத்து மூடிய பிறகு, இருட்டுகிற நேரத்தில், கோழிகள் கம்பில் ஏறி உட்கார்ந்ததும் அதையும் நடுவில் ஏற்றி வைத்தேன். காலையில் பெரிய சண்டை இல்லை. செங்கோழி போய்விட்டதால் அங்கே வரிசை கலைந்துகிடந்தது. இத்தனை காலம் எல்லாரிடமும் கொத்து வாங்கிய ஒரு சாம்பல் கோழி இப்போது மூத்தவளாகி மற்றவற்றை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. கறுப்பனை அது குருட்டுப் பக்கமாக வந்து இரண்டு தடவை கொத்தியது. கறுப்பன் தலையை முழுக்கத் திருப்பி, பார்த்து, பாய்ந்து அதன் கொண்டையைக் கிழித்தது. அதோடு முடிந்தது. தை மாதத்தில் கறுப்பன் கூவத் தொடங்கியது. எல்லாரையும் மிதித்தது. புறவாசலில் அதற்கு வழிவிடாதது அம்மா மட்டும்தான்.

சித்திரைக் கொடைக்கு முந்தின நாள், அம்மா ஒரு பிரம்புக் கூடையில் அதைப் பிடித்துப் போட்டாள். வேறு முழுக் கறுப்புச் சேவலும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். தம்பானூரிலிருந்து அம்மாவின் ஊருக்குப் பஸ் பிடித்தோம். அப்பா கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

பீடத்தில் வெட்டுகிறவர் அம்மாவுக்குச் சித்தப்பா முறை. வரிசையில் எங்கள் முறை வந்ததும் கறுப்பனை வாங்கி, பந்தத்து வெளிச்சத்தில் சிறகைப் புரட்டினார், நகத்தைப் பார்த்தார், தலையைத் திருப்பினார். நின்றுவிட்டார்.

"மக்கா, இதுக்கு ஒரு கண்ணு இல்லையே. ஊனம்லா."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஆமா சித்தப்பா. எனக்குத் தந்ததும் இப்பிடித்தான்."

"என்ன தந்தது?"

அம்மா அப்பாவின் இடது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் இழுத்தாள். அப்பா எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் தடுமாறினார். "கொறைச்சுத்தான் தந்தான். நான் மூக்கால அழாம வாங்கிக்கிட்டேன். அவனும் வாங்கட்டும். கேட்டுச் சொல்லுங்க."

மேளக்காரர் கையை நிறுத்தியிருந்தார். வெட்டுகிற பெரியவர் பீடத்தைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சேவலின் தலையில் தண்ணீர் தெளித்தார். அது தலையை உதறியது. உதறினால் சம்மதம் என்பது வழக்கம்.

அவர் வலது பக்கமாக வந்து நின்றார். அந்தப் பக்கம் அதற்குக் கண் இல்லை. நான் இடது பக்கம் நின்றேன். அது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விரலை நீட்டுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் நீட்டவில்லை. அரிவாள் வந்தது. அப்பாவின் இழுப்பு போல இல்லை, ஒரு போடு. பீடத்துக் கல்லில் ரத்தம் அடித்த சத்தம் மழைத் துளி விழுவதைப் போல இருந்தது. உடம்பு துள்ளி அப்பாவின் காலடியில் விழுந்தது. பழக்கத்தில் அவர் டிரம்மைத் தேடுவது போலக் கையை நீட்டி, பிறகு கட்டிக்கொண்டார்.

அதைக் குழம்பு வைத்தார்கள். அம்மா இலையைப் போட்டு உட்கார்ந்து, எலும்பைக் கடித்து, சாறை உறிஞ்சிச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். நானும் சாப்பிட்டேன். இறைச்சி கெட்டியாக இருந்தது. மென்று முடிக்க நேரம் ஆனது.

திரும்பி வந்த மறுநாள் விடியற்காலையில் கரமனையில் அப்பா சைக்கிளை எடுக்கிற சத்தம் கேட்டு விழித்தேன். வழக்கமாகக் கேட்டின் கொண்டி விழுகிற சத்தமும், அதற்குப் பிறகு அம்மா நிற்கிற மௌனமும் இருக்கும். அன்று கேட்டைத் திறந்தது அப்பா. போகும்போது அவரே சாத்திக்கொண்டு போனார். புறவாசலில் அம்மா சாம்பல் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு என்ன பெரிய இதுவா? தள்ளி நின்னு தின்னு மூதி. மத்ததுவளும் திங்கட்டு."